ஏழு கம்ப்யூட்டருக்கும் ஒரே முகவரி

போன வாரம் என் பெண் இணையத்திலிருந்து ஏதோ பெரிய கோப்பு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தாள். பாதியில், உங்கள் முகவரிக்கான இன்றைய அளவு முடிந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று திரையில் வந்தது. அவள் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. வீட்டு வைஃபையை விட்டுவிட்டு போனிலிருந்து நெட்டை எடுத்தாள். இணையத்தில் நம்மை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி மாறிவிட்டது, கோப்பும் இறங்க ஆரம்பித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் கையிலிருந்த காப்பி இறங்கவில்லை.

இந்த வித்தை எனக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் அடையாறில் எங்கள் வீட்டில் டெலிபோன் கம்பி வழியாகத்தான் இணையம் வரும். மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி, கரகரத்து, ஒருவழியாக இணைப்பு கிடைக்கும் நேரத்தில் ஹாலில் அம்மா ரிசீவரை எடுத்து யாரது என்று கேட்பாள். எல்லாம் போச்சு. அம்மாவோடு நான் போட்ட சண்டைகளை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அந்தச் சண்டையை நிறுத்தியவன் பட்டினப்பாக்கத்து நண்பன் பாஸ்கர்.

"லைன் கட்டானா நல்லதுதான் மச்சி. திரும்பப் போட்டா புது நம்பர் குடுப்பான். நீ யாருன்னே அவனுக்குத் தெரியாது" என்றான்.

லாட்ஜ் மாதிரிதான். ஒவ்வொரு முறை போகும்போதும் எந்த அறை காலியோ அதன் சாவி கிடைக்கும். கோப்புகளை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் இலவசத் தளங்கள் அறை எண்ணை மட்டும்தான் பார்க்கும். ஒரு முகவரிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவு வைத்திருந்தார்கள். அளவு முடிந்தால் நானே ஹாலைப் பார்த்து, அம்மா, போனைக் கொஞ்சம் எடேன் என்று கத்துவேன். அம்மாவுக்கு என் புத்தியில் சந்தேகம் வந்தது அப்போதிருந்துதான்.

அந்தச் சமயத்தில் ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். இயந்திரங்களுக்கான கையேடுகளைத் தயாரிக்கும் இடம். ஏழு கம்ப்யூட்டர்கள், நாள் முழுக்க அறுபடாத ஒரு தனி இணைப்பு. அங்கே நான்தான் கம்ப்யூட்டர் மேதை. வீட்டில் கற்ற அரை வித்தை போதுமென்று இருந்த காலம்.

என் பக்கத்து மேஜையில் வசந்தி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மயிலாப்பூரில் அப்பாவுடன் இருந்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. அண்ணன் அமெரிக்காவில். அவன் போன் செய்தால் அப்பா ஒரு சொல்லுக்காகத் திணறித் திணறி அழுதுவிடுவார். அதனால் அவன் வாராவாரம் பத்து நிமிஷம் பேசிப் பதிவு செய்து, அப்படியொரு இலவசத் தளத்தில் போட்டுவிடுவான். சனிக்கிழமை வசந்தி ஒரு சின்ன டேப் ரிக்கார்டரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவாள். துண்டைப் பிரித்தாலே தைல வாசனை வரும். கோப்பை இறக்கி, ஸ்பீக்கர் பக்கத்தில் ரிக்கார்டரை வைத்துப் பதிவாக்குவாள். அந்தப் பத்து நிமிஷமும் நாங்கள் யாரும் இருமக்கூட மாட்டோம்.

ஒரு சனிக்கிழமை சீக்கிரமே ஆபீசுக்குப் போனேன். அதே தளத்தில் ஒரு கார் பந்தய விளையாட்டு கிடந்தது. இறக்கினேன். பாதியிலேயே அளவு முடிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இணைப்புப் பெட்டியை அணைத்துப் போட்டேன். அதே முகவரி. மறுபடி அணைத்தேன். அதேதான். ஆபீஸ் இணைப்பு லாட்ஜ் இல்லை, நம்பர் பலகை அடித்த சொந்த வீடு, ஏழு பேருக்கும் அந்த ஒரே நம்பர்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு எல்லோருக்குமான அளவை நான் ஒருவனே தின்று முடித்திருந்தேன்.

பத்து மணிக்கு வசந்தி உட்கார்ந்தாள். நாளை வாருங்கள் என்று வந்தது. மறுநாள் ஞாயிறு, ஆபீஸ் கிடையாது.

"காலம்பற யாராவது இதுலேர்ந்து எதாவது எடுத்தாளா?" என்று என்னைக் கேட்டாள்.

"தெரியலையேக்கா" என்றேன்.

எங்கள் வீட்டுக்கு வாருங்கள், அரை மணி நேர பஸ், அங்கே வேறு முகவரி கிடைக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள், விளையாட்டுக் கதை வெளியே வரும். அந்த அற்ப பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். அவள் ரிக்கார்டரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை சொன்னாள். சனிக்கிழமை அப்பா கையை நீட்டி நீட்டிக் கேட்டாராம். மனசு கேட்காமல் போன வாரத்து டேப்பையே புதுசு என்று போட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இடது கையால் தானே நிறுத்திவிட்டாராம்.

"நேத்திக்கு நெஜமாவே புதுசு கொண்டுபோனேன். கேக்கவே மாட்டேங்கறார். அண்ணா பேசறதையே நிறுத்திட்டான், நான்தான் பழசப் போட்டு ஏமாத்தறேன்னு நெனச்சுண்டிருக்கார்."

ஒரு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன், உண்மையைச் சொல்லிவிடுவது என்று. ஆபீசில் கம்ப்யூட்டரெல்லாம் இவன்தான் பார்த்துக்கொள்கிறான் என்று வசந்தி என்னை அறிமுகப்படுத்தினாள். அவர் இடது கையால் ரிக்கார்டரைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டி, கையை விரித்தார். என்ன கேட்கிறார் என்று நன்றாகவே புரிந்தது.

"எல்லாம் புதுசுதான் மாமா. வாராவாரம் வருது" என்றேன்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இவனையும் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நாலைந்து மாதத்தில் அவர் போய்விட்டார்.

வசந்தி வேலையை விட்டு அண்ணனிடம் போகும் முன், விடைபெற வந்தாள். அன்றைக்குப் பழைய டேப்பைப் போட்டது தன் தப்புதான், அதுதான் மனசை அறுக்கிறது என்றாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். போய்ட்டு வாங்கக்கா என்று மட்டும் சொன்னேன்.

அந்தத் தளத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். ஆபீஸ் இருந்த கட்டடத்தை இடித்தாயிற்று. டேப் ரிக்கார்டர் என்றால் என் பெண்ணுக்குத் தெரியாது. வசந்தி மட்டும் எங்கேயோ இருந்துகொண்டு, அந்தத் தப்பைத் தன்னுடையது என்றே இன்னும் நினைத்துக்கொண்டிருப்பாள்.