தலையாட்டி விளையாட்டு

பிள்ளைகளே, உங்கள் அண்ணன் ஏன் தன் பள்ளிக்கூடத்திலிருந்து பதினோராம் வகுப்புச் சாதாரணதரச் சோதனை எழுதவில்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது அவனுடைய அன்றைய வயது உங்களுக்கும் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம். பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டனுப்பினார். கல்லடிப் பள்ளிக்கூடத்து மதிலோரம் ஆட்டோவை நிறுத்திவிட்டுப் போனேன். அவர் மேசையில் ஒரு வெறும் உரப்பை கிடந்தது. கண்களுக்கென்று இரண்டு ஓட்டை வெட்டியிருந்தது.

"உங்கட மகன் கொண்டு வந்தது. இது என்னத்துக்கெண்டு விளங்குதா?"

விளங்கியது. என் வயது ஆண்கள் எவருக்கும் விளங்கும். யுத்த காலத்தில் இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்தால் ஆண்களை மைதானத்தில் வரிசையாக நடத்துவார்கள். முகம் மூடிய ஒருவன் முன்னால் இருப்பான். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவரைக் கொண்டுபோய்விடுவார்கள். அவனைத் தலையாட்டி என்போம்.

அண்ணன் வகுப்புக்குக் கைத்தொலைபேசி கொண்டுபோனதை ஆசிரியரிடம் எவனோ சொல்லிவிட்டானாம். சொன்ன ஆளைக் கண்டுபிடிக்க அண்ணனும் கூட்டாளிகளும் வெல்லாவெளியிலிருந்து புதிதாக வந்த ஒரு பையனின் தலையில் பையை மாட்டி, கதிரையில் இருத்தி, வகுப்பையே அவன் முன்னால் நடக்க விட்டிருக்கிறார்கள். அவன் தலையாட்டவில்லை. பெல்ட்டால் அடித்தார்கள். காது கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. தாய் அவனை ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் கேட்டேன்.

"சும்மா பகிடிக்குத்தான் அப்பா. நீங்களும் பகிடியாத்தானே சொல்லுவீங்க."

சொல்லியிருக்கிறேன். சோறு தின்னும்போது, அந்த வரிசையில் என் சாரம் அவிழப் பார்த்ததையும், கையை இறக்கப் பயந்து வயிற்றை ஊதிப் பிடித்ததையும் நடித்தே காட்டுவேன். நீங்களும் சிரித்தீர்கள். நீங்கள் பயப்படக்கூடாதென்று அப்படிச் சொன்னேன். எனக்கு முன்னால் நடந்தவர் திரும்பி வரவேயில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

சுனாமியன்று கடல் வந்தபோது உங்களில் ஒருவரை இடுப்பிலும் மற்றவரைக் கையிலுமாகப் பாலம்வரை இழுத்துக்கொண்டு ஓடியவன் அவன். அந்தக் கையா பெல்ட்டை எடுத்தது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பையனின் தாய் மன்னித்தால் அண்ணனைச் சோதனைக்கு விடலாம், இல்லாவிட்டால் விலக்கத்தான் வேண்டும் என்று அதிபர் சொல்லியிருந்தார். ஆகவே, அண்ணனையும் ஏற்றிக்கொண்டு வெல்லாவெளிக்கு நான் மன்னிப்புக் கேட்கப் போனேன் என்றால் அது பாதிப் பொய்.

"இரிங்க" என்று அந்தத் தாய் தேத்தண்ணி தந்தார். பையன் காதில் துணிக்கட்டோடு சுவரோரம் நின்றான்.

"மன்னிப்புக் கேளு மனே" என்றேன்.

அண்ணன் நிலத்தைப் பார்த்தபடி, "ஆரையாவது ஒராளைக் காட்டியிருந்தா விட்டிருப்பம்" என்றான்.

"ஆரைக் காட்டுற?" என்றான் பையன். "அந்தக் கிழமைதானே வந்தன். எனக்கு உங்கள்ல ஒருத்தரையும் தெரியாதே."



"காயம் ஆறிரும்" என்றார் தாய். "இப்ப இவன் பெனியனைக்கூடத் தலையால போட மாட்டேங்கான். இஞ்ச விஞ்ஞானத்துக்கு வாத்தியார் இல்லையெண்டுதான் கல்லடியில என்ட தங்கச்சி வீட்டில விட்டுப் படிப்பிச்சன். உங்கட மகன் இரிக்கிற வகுப்புக்கு இனி எப்பிடி அனுப்புற?"

தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்த வீட்டுக்குள் ஏறும்போதுகூட என் பிள்ளையின் சோதனைதான் என் தலைக்குள் இருந்தது. வெட்கத்தோடு கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நீங்க அனுப்புங்க தங்கச்சி. என்ட மகன் அங்க இரிக்க மாட்டான்."

திரும்பி வரும்போது ஆட்டோவின் பின்னுக்கிருந்து அண்ணன் கேட்டான்: "அப்ப என்ட சோதினை?"

"வாற வருசம் பள்ளிக்கூடத்துக்கு வெளியால தனியாளா எழுது."

அவன் அழுவது இயந்திரச் சத்தத்துக்குள்ளும் கேட்டது. நான் நிறுத்தவில்லை.

அந்தப் பையன் திரும்பவும் பள்ளிக்கூடம் வந்தான் என்று பிறகு அறிந்தேன். உங்கள் அம்மா வெகுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெற்ற பிள்ளையின் ஒரு வருடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தேனாம். கொடுத்தது உண்மைதான். அந்த வீட்டில் கொடுப்பதற்கு வேறெதுவும் என்னிடம் இருக்கவில்லை.