அண்ணன் கையெழுத்துப் போட்ட தாள்

என் அண்ணன் ராணுவத்தில் துப்பாக்கி பிடித்தவன் இல்லை. லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்தே பதினாறு வருஷத்தை ஓட்டிய மெக்கானிக். ஷெட்டில் எல்லாரும் 'கிரீஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது. லீவு கிடைத்தால் நேரே என் வீட்டுக்கு வந்து, நன்றாக ஓடுகிற மிக்ஸியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துகொள்வான். அப்பாவின் வீட்டு வாசலை அவன் மிதித்ததில்லை. அவர் மிதிக்க விட்டால்தானே? மரக்கடையைப் பார்க்காமல் பட்டாளத்துக்குப் போன அன்றே, "என் பையன் செத்துட்டான்" என்று கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்ன மனுஷர் அவர்.

போன செவ்வாய்க்கிழமை ஜாக்கி நழுவி அண்ணன் நிஜமாகவே செத்துப்போனான். உடனே அப்பாவுக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கடை வாசலில் பந்தல், ஆளுயரப் படம், துப்பாக்கி மரியாதை, மைக் பிடிக்க நாலு பெரிய மனிதர்கள். இவருக்கெல்லாம் வெட்கமே கிடையாதா?

ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தன் உடலை என்ன செய்ய வேண்டும், அதை யார் முடிவு செய்ய வேண்டும் என்று படையில் இருப்பவர் எழுதிக் கொடுத்திருந்தால், அவர் சொன்னதுதான் கணக்கு. பெற்றவர்கள்கூட அதற்குப் பிறகுதான். அண்ணன் என் பெயரை எழுதியிருந்தான். தாளின் முன்பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பியும் வைத்திருந்தான்.

ராணுவ அலுவலகத்தில் அதிகாரி அம்மா அசல் தாளை மேஜையில் வைத்ததும் அப்பா அதில் விரலால் குத்தினார்.

"தேதியப் பாருங்க மேடம். அடுத்த வருஷம் மார்ச்னு போட்டிருக்கு. செத்தவன் எழுந்து வந்தா கையெழுத்துப் போடுவான்? எல்லாம் இவ வேலை!"

தாள் செல்லாது என்றால் அண்ணன் அந்தப் பந்தலுக்குத்தான் போவான். தேதியையே வெறித்துப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது.

"மேடம், சர்வீஸ் முடிஞ்சா கையெழுத்துக்குக் கீழ அடுத்த சர்வீஸ் தேதியைத்தான் போடுவான். என் வீட்டு மிக்ஸி அடியிலகூட அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கான். பழக்க தோஷத்துல இதுலயும் போட்டுட்டான்."

அதிகாரி அம்மா ஷெட்டிலிருந்து, அண்ணன் சர்வீஸ் செய்த வண்டிகளின் அட்டைகளை வரவழைத்தார். ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்துக்குக் கீழே ஒரு வருஷம் தள்ளித்தான் தேதி. தாளைப் பெற்றுக்கொண்ட அலுவலக முத்திரையில் இந்த வருஷ மார்ச், அதே நாள்.

"தாள் செல்லும். முடிவு தங்கச்சியோடது," என்றார்.

"பெத்த அப்பன் நான்!"

"பதினாறு வருஷத்துக்கு முன்னாடியே செத்தவனுக்கு இப்ப எதுக்குப்பா பந்தல்?"

"வாயை மூடுடி!"

"மேடம், நாளைக்கு இவரை ஷெட் வாசல்லயே நிறுத்துங்க. அண்ணன் எழுதினதுல ஒரு எழுத்து மாறக் கூடாது."

"மாறாதும்மா," என்று சொல்லிவிட்டு அவர் தாளை வாசித்தார். வேட்டு வேண்டாம். பேச்சு வேண்டாம். ஷெட் ஆட்களே தூக்கட்டும். அதெல்லாம் நான் படித்ததுதான். பிறகு அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கத்திலும் எழுதியிருந்தது எனக்குத் தெரியாது.

'அப்பா வந்தால் தடுக்காதே. முட்டி வலியோடு அவரால் நிற்க முடியாது. முன்னால் ஒரு நாற்காலி போடு.'

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கோ அண்ணன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இந்த மனுஷனுடைய முட்டி வலியையா இவன் ஒவ்வொரு லீவிலும் என்னிடம் விசாரித்தான்?

மறுநாள் ஷெட்டில் என் கையாலேயே நாற்காலியைக் கொண்டுபோய் முன்னால் போட்டேன். அப்பா உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு வாய் தண்ணி கொடும்மா," என்றார்.

தண்ணீர் பற்றித் தாளில் எதுவும் இல்லை. நான் கொடுக்கவில்லை.