வயிற்றைச் சின்னதாக்கிய பிறகு

ஆபரேஷனுக்குப் போன அன்று என் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. வயது நாற்பத்து மூன்று. ஏழு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை, நான்கு வருடமாக பிரஷருக்கு மாத்திரை, இரண்டு முழங்காலிலும் வலி. தாராவியில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. படியேறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சு வாங்க நிற்பேன். யாராவது கடந்துபோனால் போனில் ஏதோ பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொள்வேன்.

செம்பூரில் டாக்டர் ஒரு தாளில் வயிற்றை வரைந்து காட்டினார். முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்களாம். மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவுக்கு இருக்குமாம். என் கணவர் இந்தியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இனிமேல் இவள் சோறு சாப்பிடுவாளா?" சாப்பிடலாம், கொஞ்சமாக, என்றார் டாக்டர். என் கணவர் முகத்தில் அப்போதும் தெளிவு வரவில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. உள்ளே ஏற்றிய காற்று அங்கே போய் நிற்கும், நடந்தால் சரியாகும் என்று நர்ஸ் சொன்னாள். மருந்து ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வராண்டாவில் நடந்தேன். மறுநாள் இருமல் மருந்து ஊற்றும் சின்ன மூடியில் தண்ணீர் கொடுத்தார்கள். அதைக் குடித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடிப்பவள் நான்.

வீட்டுக்கு வந்தபின் மூன்று வாரம் வெறும் நீராகாரம். பருப்புத் தண்ணீர், மோர், வடிகட்டிய சூப், பாலில் கலக்கிய புரோட்டீன் பவுடர். காலேஜ் படிக்கும் என் மகள் போனில் அலாரம் வைத்து, மணி அடிக்கும்போதெல்லாம், "மம்மி, பியோ" என்று குடிக்கச் சொல்வாள். வயிற்றில் பசி இல்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் எழுந்து ஜன்னல் பக்கம் போவேன். பசி வேறு, தின்னும் ஆசை வேறு என்று அத்தனை வயதுக்கு அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

என் கணவர் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். கேட்டால், "வெளிய சாப்பிட்டுட்டேன்" என்பார். இவருக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு பட்டறை. நான்கு மெஷின் போட்டு லெதர் பெல்ட் தைக்கிறார்கள். மூன்றாவது வாரம் ஒரு மதியம், தினசரி நடையை அந்தப் பக்கமாகத் திருப்பினேன். தோல் கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்து, பன்னில் வடை வைத்த ஆறிப்போன வடாபாவைத் தின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் காகிதத்தோடு பின்னால் மறைத்தார்.

"தினமும் இதையா திங்கிய?"

"ஒண்ணுஞ் செய்யாதுட்டி."

"வீட்டுல சோறு ஆக்கித்தான வச்சிருக்கா உங்க மக?"

காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, "நீ தண்ணியக் குடிச்சிட்டு உக்காந்திருக்க. உன் முன்னால நான் எப்படிட்டி மீன்கொழம்பு ஊத்தித் திங்கது? தொண்டையில எறங்க மாட்டேங்கு" என்றார். அதோடு நிறுத்தவில்லை. "உன்ன இப்படி ஆக்குனதே நாந்தாம்லா. சாயங்காலம் ஆனா பார்சல், ஞாயித்துக்கெழம ஆனா கறி. வாங்கிட்டு வந்தது பூரா நான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "நீங்க வாங்கிட்டு வந்தீய, நான் தின்னேன். வாயில ஊட்டியா விட்டீய? எந்திரிங்க, வீட்டுக்கு வாங்க" என்றேன்.

வந்தார். அவருக்குச் சோறு போட்டு, மீன் குழம்பை நானே ஊற்றினேன். எதிரே உட்கார்ந்து என் கிண்ணத்துப் பருப்புத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் குடித்தேன். அவர் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சாப்பிட்டார். எனக்கும் அந்த வாசனை சுலபமாக இல்லை. ஆனால் கல்யாணமானதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாகப் பேசியதெல்லாம் சாப்பிடும்போதுதான். மூன்று வாரமாக அந்தப் பேச்சு இல்லாமல் இருந்தது என்னை அதிகமாக வாட்டியிருந்தது. நாலைந்து நாளில், "இன்னிக்கி உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று குறை சொல்ல ஆரம்பித்தார். அப்பாடா என்றிருந்தது.

தப்பும் செய்தேன். ஏழாவது வாரம் மாட்டுங்காவில் பூ வாங்கப் போனவள், ஹோட்டல் வாசலில் வடை வாசனைக்கு நின்றுவிட்டேன். அரை வடைதானே என்று நினைத்தேன். பழைய வேகத்தில் இரண்டு கடி, மேலே ஒரு வாய் காப்பி. நெஞ்சுக்கு நடுவே கல் வைத்து அழுத்தியதுபோல் இருந்தது. வாயெல்லாம் எச்சில் ஊறியது. நடைபாதை ஓரமாக உட்கார்ந்து, அத்தனையும் வெளியே வந்தபிறகுதான் மூச்சு வந்தது. பூக்காரி ஓடிவந்து தண்ணீர் நீட்டினாள். சாப்பிட்ட உடனே நான் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? கையை மட்டும் ஆட்டினேன். குடித்துவிட்டு வந்தவள் என்று நினைத்திருப்பாளோ என்னவோ. அன்றிலிருந்து ஒரு வாய் வைத்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன். அரை இட்லிக்கு இருபது நிமிடம்.

வாஷியில் ஒரு லாரிக் கம்பெனியில் எனக்கு பில்லிங் வேலை. திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கி சில மாதம் கழித்து, ஒருநாள் ரயிலில் லேடீஸ் பெட்டியில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்காவது ஆளுக்கு ஓரமாக இடம் விடுவது இங்கே வழக்கம். என்னை யாரும் அப்படி உட்காரச் சொன்னதே கிடையாது, நானும் கேட்டதில்லை. அன்று ஒரு பெண் நகர்ந்து, "ஆவோ, பைட்டோ" என்று உட்காரக் கூப்பிட்டாள். பாதி உடம்பு வெளியேதான் இருந்தது. இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

ஐந்தாவது மாதத்தில் முப்பத்தைந்து கிலோ குறைந்திருந்தது. கூடவே முடியும் கொத்துக் கொத்தாகப் போனது. சொந்தக்காரர்களிடம் பித்தப்பையில் கல், அதற்கு ஆபரேஷன் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். மும்பையை ஒட்டிய கல்யாணில் என் நாத்தனார், இவருடைய அக்கா, புது ஃப்ளாட் வாங்கிப் பால் காய்ச்சினாள். போன இடத்தில் பெண்கள் என் தலையைப் பார்த்தார்கள், கழுத்து எலும்பைப் பார்த்தார்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பெரிய வியாதி என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது.

பந்தியில் நாத்தனார் என் இலையில் சோற்றைக் குவித்தாள்.

"போதும் மைனி."

"இப்படி எண்ணி எண்ணித் தின்னா நான் யாருக்காக ஆக்குனேன்? ஒடம்பு உருகிப் போயிருக்கு. தின்னுட்டி."

மறுபடி கரண்டியை எடுத்தாள். நான் இலைமேல் கையை வைத்து மறைத்தேன். "மைனி, எனக்கு வியாதி ஒண்ணுமில்ல. எடை கொறைய வயித்த வெட்டி எடுத்திருக்கு. இதுக்கு மேல உள்ள போவாது" என்றேன். பந்தியே நிமிர்ந்து பார்த்தது.

"நாலு தெரு நடந்தா கொறையாதா? அதுக்குப் போயி கத்தி வைக்கணுமா?"

"இருவது வருசமா நடந்தேன் மைனி. பட்டினியும் கெடந்தேன். கொறையும், திரும்ப ஏறும்."

எதிர்வரிசையில் இருந்த இவர், "அக்கா, அவ கேட்டா மட்டும் வையி" என்றார். குரலை உயர்த்தவில்லை. நாத்தனார் கரண்டியை வாளியில் போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். நான் இரண்டு வாய் சோறும் ஒரு கரண்டி கூட்டும் சாப்பிட்டு இலையை மூடினேன். அவமானமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். களைப்பாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது நாத்தனார் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். அவளும் நூறு கிலோவுக்குக் குறையமாட்டாள்.

"ரொம்ப வலிக்குமாட்டி?"

"மூணு நாளு வலிக்கும். அதுக்கப்புறம் வேற மாதிரிக் கஷ்டம்" என்றேன். முடி கொட்டுவதை, மாட்டுங்கா நடைபாதையை, ஆயுசு முழுக்க விழுங்க வேண்டிய சத்து மாத்திரைகளை, வயிற்றில் தொங்கும் தோலை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். சர்க்கரை மாத்திரை நின்றுபோனதையும் நிற்காமல் மூன்று மாடி ஏறுவதையும் சொன்னேன்.

ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது எழுபத்தாறு கிலோ. நடுவில் எழுபத்து நாலுக்கு இறங்கி, தீபாவளிப் பலகாரத்தில் இரண்டு ஏறியது. போன மாதம் நாத்தனாரைச் செம்பூருக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினேன். அவர் மறுபடி தாளில் வயிற்றை வரைந்தார். அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். இன்னும் முடிவு சொல்லவில்லை. போனில் பேசும்போது நானும் அதைக் கேட்பதில்லை.