பொம்மைக்குப் பேசியது

முதலில் அதன் பாதங்களைத்தான் பார்த்தேன். பயிற்சி அறைக் கட்டிலில், போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. குதிக்காலில் வெடிப்பு, பெருவிரல் நகத்தில் லேசான மஞ்சள். யாரோ ஒரு நோயாளியின் அறைக்குள் நுழைந்துவிட்டேன் என்று நினைத்து, ஆங்கிலத்தில் "சொறி" சொல்லிக் கதவைச் சாத்தினேன். பின்னால் வந்த பெண் சிரித்தாள்.

"அது பொம்மை, அங்கிள். உள்ள வாங்க."

அவள், நாங்கள் புலம்பெயர்ந்து வந்து வாழும் ஹரோவில், எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். கோயம்புத்தூர்ப் பிள்ளை. என் மனைவி மேல்மாடி வார்டில் இருந்தாள். பாரிசவாதத்தில் அவளுடைய வலக் கையும் காலும் விழுந்துவிட்டன. சொல்லும் போய்விட்டது. எல்லாம் விளங்கும், ஆனால் வாயைத் திறந்தால் மூச்சுச் சத்தம் மட்டுமே வரும். வீட்டுக்குக் கூட்டிப்போனால், பகலில் கவுன்சில் அனுப்பும் பராமரிப்பாளர்கள் வந்து போவார்கள், மற்ற நேரமெல்லாம் நான்தான். அவளைத் தனியாக, நோகாமல் திருப்பிப் படுக்கவைக்க என்னால் முடியும் என்று இந்தப் பெண்ணுக்குத் திருப்தி வந்தால் வீடு. இல்லாவிட்டால் பராமரிப்பு இல்லம்.

கனடாவில் இருக்கும் மகள் ஏற்கெனவே போனில் தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

"அப்பா, உங்களுக்கு ஜாம் போத்தல் மூடியே திறக்க ஏலாது. அம்மாவை எப்பிடித் தூக்குவியள்?"

"தூக்கிறேல்லை. திருப்பிறது. ரெண்டும் வேற."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, அந்தப் பாதங்களைப் பார்த்ததும் கட்டிலுக்கு ஓரடி தள்ளியே நின்றேன்.

பிசியோ பெண் போர்வையை விலக்கினாள். ஒரு முழுப் பெண் கிடந்தாள். சிலிக்கோன் என்றாள், உள்ளே உலோக எலும்புகள். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எதையும் எண்ணிப் பார்த்தால்தான் நம்புவேன். முழங்கை மடிப்பில் மூன்று கோடுகள். கழுத்தில் இரண்டு. உள்ளங்கையில் ரேகைகூட ஓடியது. பொம்மையின் நிறை ஐம்பத்தாறு கிலோ. என் மனைவியைவிட நாலு கிலோ கூட.

"தலையத் தாங்கிப் பாருங்க, அங்கிள்."

இரண்டு கையாலும் ஏந்தினேன். மணிக்கட்டு இரண்டும் கீழே இழுபட்டன. ஒரு மனிதத் தலை இவ்வளவு பாரமா? நாற்பத்தாறு ஆண்டுகளாக என் பக்கத்துத் தலையணையில் கிடந்த தலை. அதன் நிறை எனக்குத் தெரியாது. அதைக் கழுத்தில் சுமந்துகொண்டுதான் அவள் சமைத்தாள், பஸ்ஸுக்கு ஓடினாள், என்னோடு வாதாடினாள். நான் பொம்மையின் தலையை வைக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அடுத்து அதைத் திருப்பச் சொன்னாள். நான் அதன் வலக் கையைப் பிடித்து இழுத்தேன். தோளில் 'டக்' என்று ஒரு சத்தம்.

"ஐயோ அங்கிள், கையப் பிடிச்சு இழுக்கவே கூடாது! ஆன்ட்டியா இருந்தா தோள்பட்டை இறங்கியிருக்கும்."

முறை வேறு. கட்டிலின் அந்தப் பக்கத்துக் காலை மடிக்க வேண்டும், கையை நெஞ்சின் குறுக்கே வைக்க வேண்டும், பிறகு தோளிலும் இடுப்பிலும் உள்ளங்கையை வைத்து நம் பக்கம் உருட்ட வேண்டும். காலை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"திருப்பறதுக்கு முன்னாடி பேசுங்க, அங்கிள்."

"இதுக்கோ?"

"ஆமா. எப்பவும் பேசணும். பேசாம தொடக் கூடாது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சோதிக்கிற ஆள் அவள். தொண்டையைச் செருமிக்கொண்டு பொம்மையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "ஏன் இப்பிடி மரக்குத்தி மாதிரிக் கிடக்கிறாய்? கொஞ்சம் அசைஞ்சு குடுத்தால் என்ன குறைஞ்சு போவாய்? வெக்கமில்லையோ?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"எதுக்கு அங்கிள் அவங்களத் திட்டறீங்க?"

"நீங்கள்தானே பிள்ளை பேசச் சொன்னனீங்கள்?"

இந்தியப் படங்களில் அவள் சொன்ன பொருளில் எத்தனையோ தரம் கேட்ட சொல்தான். ஆனால் எங்கள் ஊர்த் தமிழில் பேசுவது என்றால் ஏசுவது, சும்மா பேசுவதைக் கதைப்பது என்போம். பதற்றத்தில் ஊர்ப் பொருள்தான் முந்திக்கொண்டு வந்தது.

"அப்ப கதைக்கச் சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"கதையா? கதையெல்லாம் சொல்ல வேண்டாம். என்ன செய்யப் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. தூங்கறவங்களத் திடீர்னு புரட்டினா பயந்துட மாட்டாங்களா?"

சொல்லிவிட்டுத் திருப்பினேன். ஐம்பத்தாறு கிலோவும் ஒரு கதவு திறப்பதுபோல என் பக்கம் வந்தது. நம்ப முடியாமல் மறுபடியும் செய்து பார்த்தேன். மறுபடியும் வந்தது.

அதன் பிறகு பின்னேரங்களில் போய்ப் பழகினேன். முடிந்ததும் பொம்மையைச் சுத்தம் செய்து வைப்பது என் பொறுப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் சவர்க்காரம் கரைத்துத் துடைப்பேன். தேய்த்தால் தோல் உரியும், ஆகவே துவாயால் ஒற்றித்தான் ஈரம் எடுக்க வேண்டும். பிறகு பவுடர். பூசாவிட்டால் தூசு ஒட்டும். தலைமயிரை நுனியிலிருந்து மேல்நோக்கி வார வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பேன். யன்னலால் காற்று வந்தால் போர்வையை இழுத்து மூடுவேன். குளிராது என்று தெரியும், இருந்தாலும் மூடுவேன்.

ஒருநாள் அதைத் திருப்பியபோது முதுகில் நீளமாக ஒரு பள்ளம். முதல்நாள் விரிப்பைச் சரியாக இழுக்காமல் விட்டிருந்தேன். ஒரேயொரு மடிப்பு, இரவு முழுக்க அதன்மேல் கிடந்திருக்கிறது.

"ஆன்ட்டிக்கும் இதேதான். ஆனா அங்க புண்ணாயிடும்," என்றாள் பிசியோ பெண்.

விரலால் தடவிப் பார்த்தேன். விரிப்பின் நீலச் சாயம்கூட லேசாக ஏறியிருந்தது. ஒரு துணி மடிப்பை இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்கும் உடம்பை நான் அதுவரை கண்டதில்லை. அல்லது ஒவ்வொரு காலையும் கன்னத்தில் தலையணைக் கோட்டோடு எழும்பி வந்த மனைவியைக் கண்டும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து விரிப்பின் மடிப்புகளை வாய்விட்டு எண்ணி எண்ணி நீவினேன்.

கடைசியாக வார்டில், மனைவியின் கட்டிலில் செய்து காட்டச் சொன்னார்கள். நர்ஸ் ஒருவர் கால்மாட்டில் நின்றார், பிசியோ பெண் தள்ளி நின்றாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை அவ்வளவாக இல்லை.

"இஞ்சரும், உம்மை இப்ப என்ர பக்கம் திருப்பப் போறன்," என்றேன்.

காலை மடித்தேன். கையை நெஞ்சில் வைத்தேன். தோள், இடுப்பு. வந்தாள். பொம்மையைவிட நாலு கிலோ குறைவு, ஆனால் சூடு. என் உள்ளங்கைக்கு அடியில் அவள் மூச்சு ஏறி இறங்கியது. அதற்கு நான் பழகியிருக்கவில்லை.  பழகிய வேலைக்குத் திரும்பி, ஒரு கையால் அவளைத் தாங்கிக்கொண்டு மறுகையால் முதுகுப்பக்க விரிப்பை நீவினேன்.

"ஒண்டு... ரெண்டு... மூண்டு... இதில ஒண்டு நிக்குது... நாலு..."

"விசர் மனுசன்!"

கை அப்படியே நின்றுவிட்டது. குரல் கரகரத்திருந்தது, ஆனால் எழுத்தெழுத்தாக என் மனைவியுடையதுதான். சரித்து வைத்துவிட்டுக் கணக்குப் பார்ப்பவனைப் பைத்தியம் என்று யார்தான் ஏசமாட்டார்கள்? அவள் கண்ணும் விரிந்திருந்தது. தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

பிசியோ பெண் ஓடி வந்தாள். "அங்கிள்! ஆன்ட்டி பேசினாங்களா?"

"ஓம் பிள்ளை," என்றேன். "பேசினவ. உங்கட மாதிரியும் பேசினவ, எங்கட மாதிரியும் பேசினவ."

மனைவியின் முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. பிசியோ பெண் விரிப்பின்மேல் ஒருதரம் கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"வீட்டுல கட்டில எந்த ரூம்ல போடப் போறீங்க, அங்கிள்?"

யன்னல் உள்ள முன்னறையில் என்று சொல்ல வாயெடுத்தேன். காற்று வருமே என்று உடனே யோசனை வந்தது. மனைவியைப் பார்த்தேன். மறுபடியும் பேசுவதற்கு அவள் வாயைக் குவித்துக்கொண்டிருந்தாள்.