பேருந்துக்குப் பின்னால் பத்துமலை

சிம்பாங் பூலாய் சாலைச் சந்திப்பின் விளக்கு தூரத்தில் சிவப்பாகும்போதே காரோட்டும் பத்துமலையின் கால் வேகம் கூட்டும் எண்ணெய்ப் பெடலை விட்டு எழுந்துவிடும். கார் தன் பாட்டுக்கு உருண்டு தளர்ந்து கோட்டருகே போவதற்குள் பெரும்பாலும் பச்சை விழுந்திருக்கும். யாராவது ஹார்ன் அடித்து முந்தினால் சிரிப்பார். "போங்க அண்ணே. அங்க போயும் சிவப்புலதான் நிக்கணும் லா."

வயது ஐம்பத்தெட்டு. தோட்டத்தில் செம்பனைக் குலை லாரி ஓட்டிய கைக்கு இப்போது ஈப்போவில் ஓர் ஆட்டோ கியர் கார். டயர் காற்றை வாராவாரம் பார்ப்பார். பின்பெட்டியில் வேண்டாத குடைகூட இருக்காது. பெட்ரோல் எண்ணெயைப் பன்னீர் மாதிரி துளித்துளியாய்த் தெளித்துச் செலவழிக்கும் மனிதர்.

அந்தச் சிக்கனம்தான் மனைவி கலாதேவியைக் காரை விட்டு இறக்கியது. மகள் ஷர்மினி கேமரன் மலையில் ஆசிரியை. சனிக்கிழமைகளில் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் இறக்கத்தில், லாரிப் பழக்கத்தில், எண்ணெய் மிச்சமென்று கியரை ப்ரீ கியருக்கு, நியூட்ரலுக்கு, தள்ளிவிடுவார். ஒருநாள் மழை வளைவில் முன்னே காய்கறி லாரி. சூடேறிய பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. கார் பாறையை உரசி நின்றது.  அடுத்த சனிக்கிழமை கலாதேவி பேருந்தில் ஏறிவிட்டார்.

பட்டறையில் காடி பழுதுபார்க்கும் கோலின்தான் விளக்கினான். "ப்ரீ கியர்லயும் இஞ்சின் எண்ணெ குடிக்கும் அண்ணே. டி கியர்லயே வச்சு கால எடுத்தாத்தான் மிச்சம். செங்குத்தா இருந்தா எல் கியர் போடுங்க, இஞ்சினே காடிய புடிச்சிக்கும்." மிச்சமே ஆகாத எண்ணெய்க்காகவா அவள் உயிரோடு விளையாடினோம்? இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு நடந்ததுதான் கூத்து. நான்கு மாதம், சனிக்கிழமைதோறும், முன்னால் கலாதேவி போகும் பேருந்து. நல்ல இடைவெளி விட்டு, பக்கத்து இருக்கை காலியாக, பின்னால் பத்துமலை. சுண்ணாம்புக் குன்றுகள் பனிமூட்டத்தில் மிதந்து வந்து கரைந்து போகும். பேருந்தின் பின்விளக்கு எரிந்தால் அவர் கால் எழும். அணைந்தால் மெல்ல அழுத்தும். அவசரம் என்பதே உலகத்தில் இல்லாததுபோல் இருக்கும். பாவம், பேச்சுத் துணைதான் இல்லை.

"வெறும் காடிய ஏன் ஓட்டிட்டு வாரீங்க?" என்று பேருந்து நிலையத்தில் ஒருநாள் கலாதேவி கேட்டார்.

"நீ மனசு மாறி எறங்குனா ஏத்திக்கலாம்னுதான். இப்ப போய்ட்டு வந்தும் எண்ணெ மிச்சம் இருக்கு, தெரியுமா?"

"எண்ணெயையா கேட்டேன்?"

பத்துமலையின் தலை குனிந்தது. "பயமுறுத்திட்டேன் கலா. தப்புதான்."

மறுவாரம் கலாதேவி காரில் ஏறினார். ஆனாலும் இறக்கம் வந்தால் முதுகு இருக்கையில் படாது. கண் சாலையை விட்டு நகராது. பத்துமலைக்கு அது முள்ளாய்க் குத்தியது. போன சனிக்கிழமைதான், வளைவுகளின் நடுவே, பேசிக்கொண்டிருந்தவரின் குரல் பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தால் வாய் லேசாகத் திறந்தபடி நல்ல தூக்கம்.

வீடு வந்தும் கலாதேவி விழிக்கவில்லை. இஞ்சினை அணைத்தால் ஏர்கோன் குளிர் நின்று தூக்கம் கலைந்துவிடும். மரநிழலில் காரை நிறுத்திய பத்துமலை, இஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் முள் இறங்க இறங்க, முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.