நின்ற மாடா, ஏறிய மாடா

போன வாரம் சூளூர்பேட்டையில் பால்பண்ணை வைத்திருக்கும் நண்பனோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவன் போன் கீச்சென்றது. "ஒரு மாடு பருவத்துக்கு வந்துருச்சி" என்றான், சாதாரணமாக. மாட்டின் கழுத்துப்பட்டை தகவல் சொல்கிறதாம்! எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனோ மூக்கில் ஊறவைத்த பிண்ணாக்கு வாசனையும் வந்தது.

இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்த கோடையில், ஆந்திராவில் எங்கள் வடமாலபேட்டையில், அந்தக் கழுத்துப்பட்டையின் வேலை என்னுடையது. நைனா கட்டட வேலைக்குச் சென்னை போய்விட்டார். அம்மா விடிவதற்குள் கம்பெனி வேன் ஏறிவிடுவாள். கன்று போட்டு மாதக்கணக்காகியும் எங்கள் செவலை மறுபடி பருவத்துக்கு வரவில்லை. "இந்தத் தபா சினை நிக்கலன்னா தரகரு கையில புடிச்சிக் குடுத்துருவேன். பாத்துக்கினே இரு" என்றாள் அம்மா. பால் வற்றிய மாட்டைத் தரகர் எங்கே ஏற்றிப் போவார் என்று உங்களுக்கே தெரியும்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் எதைப் பார்ப்பது? பருவம் வந்தால் மாடு கத்தும் என்றார்கள். செவலை தண்ணீருக்கும் கத்தும், கன்றுக்கும் கத்தும், வேன் ஹாரனுக்குப் பதில் சொல்லவும் கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, சினை ஊசி போடுகிறவருக்குப் போன் செய்வேன். அவர் மொபெட்டில் வந்து, கைவிட்டுப் பார்த்து, "லேதும்மா, பருவம் இல்ல, அதுக்குப் பசி" என்று போய்விடுவார்.

முன்பெல்லாம் ஊர் மாடுகள் ஒன்றாக ஏரிப்பக்கம் மேயும். எது பருவத்தில் இருக்கிறது என்பதை மற்ற மாடுகளே மேலே ஏறிக் காட்டிவிடும். மேய்ந்த இடத்தில் இப்போது மனைக்கற்கள் நட்டிருந்தார்கள்.

"ஒத்த மாடு என்னாத்தக் காட்டும், பாப்பா? என்னுதயும் பக்கத்துல விடுவோம்" என்றாள் சர்ச் தெரு எஸ்தர் அக்கா. அவளுடைய கறுப்பு மாடும் கன்று போட்டுக் காத்திருந்தது. மனைக்கற்களுக்கு நடுவே இரண்டையும் விட்டோம். நாலாம் நாள் காலையில் கறுப்பு, செவலைமேல் ஏறியது. செவலை நகராமல் நின்றது.

"ஏறினதுக்குத்தான் பருவம். என்னுதுக்குத்தான் ஊசி!"

"இல்லக்கா, நிக்கிறதுக்குத்தான். புக்ல போட்டுக்கீது."

"உன் புக்கு பாலு கறக்குமா?"

ஊசிக்காரர் வந்தார். இரண்டையும் சோதித்தவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டும் வந்துகீது. டோஸ் ஒகட்டே உந்தி, ஒண்ணுதான் கீது. இன்னிக்கு லீவு, திருப்பதில நாளைக்குத்தான் கெடைக்கும், அதுக்குள்ள பருவம் போயிடும். யாருக்குப் போடட்டும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் அக்கா சொன்னாள்: "செவலைக்கே போடு சாமி. நான் பெங்களூரு போறவ. பையன் கூப்புட்டுக்கினே கீறான், மாட்ட வித்துட்டுப் போவணும்."

அது யாருக்குமே தெரியாது.

"அப்ப இத்தினி நேரம் ஏன்க்கா சண்ட போட்ட?"

"உங்கிட்ட தோத்துட்டுப் போவ மனசு வரல. குடுத்துட்டுப் போறேன்."

சினையான மாடென்றால் நல்ல கையில் விற்றிருப்பாளே, ஏன் விட்டுக்கொடுத்தாள்? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த மாதமே கறுப்பு, தரகர் வேனில் ஏறிப் போனது. பின்னாலேயே அவளும் பஸ் ஏறினாள்.

செவலை சினை நின்றது, கன்றும் போட்டது. அம்மா தரகர் பேச்சை விட்டாள். அதற்குள் மனைக்கற்கள் வீடுகளாகியிருந்தன. அந்தக் கன்றுக்குப் பிறகு செவலை பருவத்துக்கு வந்ததா, வந்து சத்தமில்லாமல் போனதா, தெரியவே இல்லை. ஏறிக் காட்ட ஊரில் இன்னொரு மாடு இல்லை.