மூன்றாம் முறை மெசுல்லாம்

எனக்காக ஜெபித்த உங்களுக்கு இதைச் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். போன சித்திரையில் என் குரல் போயிற்று.

கீரனூரில் ஆட்டோவில் மைக் செட் கட்டி அறிவிப்புச் சொல்கிறவன் நான். துணிக்கடை திறப்பு, கண் மருத்துவ முகாம், இறந்தவர் அறிவிப்பு. இந்தப் பக்கம் குளத்தூர், அந்தப் பக்கம் குடுமியான்மலை வரை, இருபத்தாறு வருடம் என் தொண்டைதான் என் நிலம். அதில் விளைந்ததைத்தான் என் வீடு சாப்பிட்டது. குரல் நாணில் சின்ன முடிச்சு என்றார்கள். திருச்சியில் அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது. மூன்று வாரம் பேசக் கூடாது என்றார் டாக்டர். பேசவில்லை. நாலாவது வாரம் வாயைத் திறந்தேன். காற்று வந்தது. குரல் வரவில்லை.

"பழகப் பழக வரும். உதட்டை மூடிக்கிட்டு ம்ம்னு முனகுங்க" என்றார் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா. ஒரு வாரம் முனகினேன். ஓட்டை டியூபுக்குக் காற்றடிப்பது போல இருந்தது. விட்டுவிட்டேன். ஜெபத்தையும் விட்டேன். ஆட்டோவைத் தார்ப்பாய் போட்டு மூடினேன்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் வேதம் முழுவதையும் ஆள் மாற்றி ஆள் சத்தமாக வாசித்து முடிப்போம். மைக் கிடையாது. யாருக்கு எந்த அதிகாரம் என்று சீட்டுப் போடுவோம். விழுந்த சீட்டை மாற்றும் வழக்கம் இல்லை. எனக்கு விழுந்தது, இடிந்த நகர மதிலைத் திரும்பக் கட்டினவர்களின் பெயர்கள் வரிசையாக வரும் அதிகாரம். நல்ல குரல் உள்ளவர்களே பயப்படும் அதிகாரம்.

சீட்டு எழுதிய சபை உபதேசியார் வீட்டுக்கே ஓடி வந்தார். "அண்ணே, மன்னிச்சிருங்க. போன வருச லிஸ்ட்டப் பாத்தே எழுதிப்புட்டேன். ஒங்க பேர எடுக்க மறந்துட்டேன். வேற ஆள வச்சுக்கிருவோம்."

நான் தலையாட்டப் போனேன். என் மனைவி எஸ்தர் அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "எதுக்கு மாத்தணும்? அவரே வாசிப்பாரு தம்பி."

"எப்படிக்கா?"

"அதக் கர்த்தர்கிட்ட கேளுங்க. சீட்டு நானா போட்டேன்?"

அவர் போனதும் எனக்குக் கோபம் முட்டியது. சண்டை போடக் குரல் இல்லை. எஸ்தர் சிரித்தாள். "திட்டணும்னா சத்தமாத் திட்டுங்க. கேட்டுக்கிறேன்."

அன்று சாயங்காலம், வெகு நாளைக்குப் பிறகு முழங்கால் போட்டேன். பழைய பெரிய குரலைக் கேட்கவில்லை. ஒரு பெயர், ஒரே ஒரு பெயர், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் ஆண்டவரே என்றேன்.

பிறகு அந்த அதிகாரத்தைத் திறந்தேன். மெசுல்லாம் என்ற பெயர் மூன்று இடத்தில் இருந்தது. முதலிலும் மூன்றாவதிலும் வருகிறவர் பெரகியாவின் மகன். நடுவில் வருகிறவர் வேறு ஆள். வேதத்தில் இன்னும் எத்தனையோ மெசுல்லாம்கள். யாருக்கும் பெரிதாகக் கதை இல்லை. பெயர், அப்பன் பெயர், செய்த வேலை. இறந்தவர் அறிவிப்பில் நான் சொல்வதும் அவ்வளவுதானே!

மெசுல்லாம். மூடிய உதட்டில் தொடங்கி, மூடிய உதட்டில் முடிகிறது. அந்த அம்மா முனகச் சொன்ன அதே சத்தம். காலையும் மாலையும் அந்தப் பெயரையே முனகினேன். எஸ்தர் வெங்காயம் உரித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்வாள். "காத்து... காத்து... இப்பக் கொஞ்சம் ஆளு தெரியுது."

என் முறை முற்பகலில் வந்தது. எழுந்து நின்று தொடங்கினேன். காற்றுதான் வந்தது. கடைசி வரிசையில் காது மந்தமான சாமுவேல் பெரியப்பா சத்தம் போட்டார். "ஊரு கூடிக் கேக்கக் கத்துவ, இங்கிட்டு வந்து குசுகுசுங்கிற! சத்தமா வாசிப்பா!"

யாரோ சிரித்தார்கள். உடனே அடக்கிக்கொண்டார்கள். முதல் மெசுல்லாம் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது, துருப்பிடித்த கீல் போலக் கீச்சிட்டது. பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. கதவு, பூட்டு, தாழ்ப்பாள், அவனுக்கு அடுத்தவன், அவனுக்கும் அடுத்தவன். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. முடிவுக்குப் பக்கத்தில் மெசுல்லாம் வரும் மூன்றாவது இடம் வந்தது. தன் அறைக்கு எதிரே இடிந்து கிடந்ததை அவர் கட்டினார் என்று வருகிறது. எனக்கு எதிரே இடிந்து கிடந்தது எதுவென்று எனக்குத் தெரியும். உதட்டை மூடினேன்.

மெசுல்லாம்.

சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. சின்னது, கரகரப்பானது. ஆனால் குரல்.

"ஆங், இப்பக் கேக்குது" என்றார் பெரியப்பா.

எஸ்தர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு வசனம் இருந்தது.

பழைய குரல் முழுவதும் வரவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை. தார்ப்பாயை எடுத்துவிட்டேன். முன்பு வண்டி ஓடும்போதே இறந்தவர் பெயரை விழுங்கி விழுங்கிச் சொல்லிப் போனவன் நான். இப்போது தெருமுனையில் வண்டியை நிறுத்துகிறேன். பெயர், அப்பா பெயர், செய்த வேலை என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். போன வாரம் குளத்தூரில் ஒரு அம்மா வாசலுக்கு ஓடி வந்தார். "எங்க வீட்டுக்காரு பேர இன்னொருக்கா சொல்லுங்கய்யா." சொன்னேன்.

உங்களுக்கும் முடியாத சீட்டு ஒன்று விழுந்திருக்கலாம். அதைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் கேட்க வாய் வராவிட்டால், ஆண்டவரிடம் ஒரே ஒரு பெயரளவு கேளுங்கள். அதற்கும் குரல் இல்லையென்றால் உதட்டை மூடிக்கொண்டு முனகுங்கள்.

அவருக்குக் கேட்கும்.